தூது சென்ற பறவைகள்: ஸ்வாபதேசம் வளர்ந்த வரலாறு

திருவாய்மொழி முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் பராங்குச நாயகி எம்பெருமானிடத்துத் தூது விடுகிறாள். நாரை, குயில், அன்னம், மகன்றில், குருகு, வண்டு, கிளி என ஒவ்வொன்றையும் இரந்து வந்தவள், எட்டாம் பாசுரத்தில் தன் பூவையை நோக்குகிறாள். அங்கே இரப்பு இல்லை, வெறுப்பே உள்ளது. முன்பே என் நோயைச் சொல்லென்று ஏவியும் நீ சொல்லாதே இருந்துவிட்டாய். நானோ மேனியொளி இழந்து தளர்ந்தேன். இனி உன் அலகில் இனிய சோறு வைப்பாரை நீயே தேடிக்கொள் என்பது அப்பாசுரத்தின் கருத்து. பறவையாவது ஆசார்யன் என்று மட்டும் பாடம் கேட்டவர் இவ்விடத்தில் தடுமாறுவர். ஆசார்யனைப் பார்த்துச் சிஷ்யன் இவ்வாறு சொல்லக் கூடுமோ? அடுத்த பாசுரத்தில் தூதுக்கு அழைக்கப்படுவது வாடைக்காற்று. அதற்கடுத்ததில் நாயகியின் சொந்த நெஞ்சு. இவற்றுக்கு இரண்டு சிறகு எங்கே காட்டுவது?

இந்தக் கேள்வி சிறியதன்று. ஸ்வாபதேசம் என்பது பாசுரத்தின் மேற்பொருளைக் கழித்துவிட்டு அவ்விடத்தில் வைக்கப்படும் தத்துவமா, அன்றி மேற்பொருள் நிற்கும்போதே அதனோடு நிற்பதா என்பதே இதன் உட்கிடை. முன்னதாயின், ஆழ்வாருடைய ஆற்றாமை வெறும் உடையாகிவிடும். பின்னதாயின், ஆற்றாமைதானே தத்துவத்தின் வடிவாகும். நம் பூர்வாசார்யர்கள் எப்பக்கத்தில் நின்றார்கள் என்பதை வியாக்கியானங்கள் தோன்றிய அடைவிலேயே காணலாம்.

அந்யாபதேசமாவது வேறொன்றை வியாஜமாக வைத்துப் பேசுவது. தலைவன், தலைவி, தோழி, தாய், கழி, கானல், புள் என்று அகப்பொருள் வழியே செல்வது. ஸ்வாபதேசமாவது அப்பேச்சில் தமக்கு உத்தேச்யமான பொருள். சொற்கள் வடமொழியாயினும், ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் உள்ளுறைக்குக் கருப்பொருளை நிலமாகக் கொள்ளும்போது தெய்வத்தை விலக்குகிறது. அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்றும் விதிக்கிறது. நம்மாழ்வார் இவ்விரு வேலிகளையும் கடந்தார். விலக்கப்பட்ட தெய்வமே இங்குத் தலைவன்; அவனுக்குப் பேருண்டு, ஊருண்டு, அவ்வூர் திருவண்வண்டூராகவோ திருமூழிக்களமாகவோ பெயர் சொல்லியே குறிக்கப்படும். ஆகவே அருளிச்செயலில் தத்துவம் மறைந்து கிடக்கவில்லை. மேற்பரப்பிலேயே ஒருபாதி தெரிகிறது. வியாக்கியாதாக்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றினார்கள் என்று சொல்வோர் இதனைக் கருதுவதில்லை.

எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி முதல் வியாக்கியானம். அதன் போக்கு சுருக்கமானது: ஆழ்வார் பிரிவாற்றாமல் பிராட்டி நிலையை அடைந்து பேசுகிறார் என்ற அளவிலே அவதாரிகை, பிறகு பாசுரப் பொருள். பட்டருடைய சிஷ்யரான நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி சற்றே விரிந்தது. நம்பிள்ளை காலக்ஷேபத்திலேதான் இத்துறை பெருக்கெடுத்தது. பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படியும், வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படியும் அப்பெருக்கின் இரு கால்கள். படியென்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட கிரந்தக் கணக்கு; ஆறாயிரம் முப்பத்தாறாயிரமானது ஏறக்குறைய ஐந்து தலைமுறைக்குள். வளர்ந்தது எழுத்தின் அளவு மட்டுமன்று, கேள்விகளும் வளர்ந்தன.

அவற்றுள் தலையாயது, ஈட்டின் பிரவேசத்திலே எழுப்பப்படும் ஆக்ஷேபம். சாஸ்திரங்கள் காமத்தைக் கடிந்திருக்க, இப்பிரபந்தத்தில் காமப் பேச்சு மிக்கிருப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது அது. வேதாந்தத்தில் விதிக்கப்பட்ட பக்தியே இங்கு சிருங்கார வடிவாகப் பரிணமித்தது என்பது ஸமாதானம். பரிணமித்தது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பால் தயிராவதுபோல் பக்தி காதலாயிற்று என்றால், தயிரைப் புறத்தே தள்ளிப் பாலைத் தேடுவார் யார்? காதல் இங்கே போர்வையாகச் சொல்லப்படவில்லை.

திருவிருத்த வியாக்கியானங்களில் இந்த ஒழுங்கு மேலும் தெளிவாகத் தெரிகிறது. நூறு பாட்டும் பெரும்பாலும் அகத்துறைகள். ஆகவே முதலில் துறை கூறப்படும்: யார் பேசுகிறார், யாரைக் குறித்து, எந்த நிலையில் என்பது. பிறகு அத்துறைக்குத் தக்க பொருள். அதன் பின்பே ஸ்வாபதேசம். இந்த அடைவு மாறுவதில்லை. துறை அறியாதவனுக்கு ஸ்வாபதேசம் கேட்கத் தகுதியில்லை என்பதே இதன் உள்ளெண்ணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்வாபதேசத்துக்கு இலக்கண நூல் என்று சொல்லத்தக்கது வடக்குத் திருவீதிப்பிள்ளையின் இளைய திருக்குமாரரும் பிள்ளை லோகாசார்யரின் தம்பியுமான அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளிய ஆசார்ய ஹ்ருதயம். 234 சூர்ணிகைகளில் பெரும்பாலும் ஆழ்வார்களின் அருளிச்செயற் சொற்களையே கோத்து அமைத்த நூல் அது. மணவாள மாமுனிகள் வியாக்கியானம் இன்றி நம்மால் நுழைய இயலாது. ஆழ்வார் தெளிந்த ஞான நிலையில் தாமான தன்மையிலும், பிரேம நிலையில் பெண்ணான தன்மையிலும் பேசுகிறார் என்று நாயனார் பிரித்துக் காட்டினார். திருவாய்மொழியில் பெண்பேச்சாக அமைந்தவை 27. அவற்றுள் மகள் பேச்சு 17, தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3.

இம்மூவரும் யார் என்பதற்கு நாயனார் தரும் விடை திருமந்திரத்தை ஒட்டியது. பிரணவத்தில் சொல்லும் ஸம்பந்தத்தை உணர்ந்த நிலை தோழி. நமஸ்ஸில் சொல்லும் உபாயத்தில் துணிந்து அவனே செய்வான் என்று ஆறியிருக்கும் நிலை தாய். நாராயண பதத்தில் சொல்லும் பேற்றுக்கு ஆறியிராமல் பதறும் நிலை மகள். இது மிகவும் நுட்பமான இடம். வீட்டின் முறைமை கருதித் தாய் மகளைத் தடுப்பதும், மகள் மீறித் திருநாட்டுக்கோ திருப்பதிகளுக்கோ செல்லத் துடிப்பதும் அகப்பாட்டில் இருவருக்கிடையே நிகழும் பிணக்கு. ஸ்வாபதேசத்தில் அது ஒரே ஆழ்வாரின் திருவுள்ளத்துக்குள் நிகழ்வது. உபாயம் அவனேயாகில் பதறலாகாது. பேறு அவனேயாகில் பதறாதிருக்கவும் ஒண்ணாது. இரண்டும் ஸ்வரூபத்துக்குச் சேரும். இதனைப் பிரமாணங்களை அடுக்கி உரைநடையில் சொன்னால் விரோதம்போல் தோன்றும். தாயும் மகளுமாகச் சொன்னபோது விரோதம் இல்லை, ஒரு வீடு இருக்கிறது. உருவகம் தத்துவத்துக்கு அலங்காரமாக நிற்காமல், தத்துவம் சொல்லப்படுவதற்கு வழியாகவே நிற்கும் இடம் இது. அந்யாபதேசத்தை நீக்கினால் ஸ்வாபதேசமும் நில்லாது.

பறவைக்கு ஆசார்யன் என்று பொருள் கொள்வதும் இவ்வாறே காரணத்தோடு கூடியது. பறப்பதற்கு இரண்டு சிறகும் வேண்டுவதுபோல் ஞானமும் அனுஷ்டானமும் வேண்டும். அன்னத்துக்கு ஸாராஸார விவேகம். வண்டுக்கு ஸாரமான தேனையே கொள்ளுதல். கிளிக்குக் கற்பித்ததன்றித் தன் சொல் கலவாமை. எம்பெருமானிடத்துச் சேதனனுக்காகப் பேசுவாரிடம் இருக்க வேண்டிய குணங்கள் இவை. நான்கு தூதும் நான்கு நிலங்களை நோக்கியவை: முதற்பத்தில் வியூகம், ஆறாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் விபவம், எட்டாம் திருவாய்மொழியில் பரத்துவமும் அந்தர்யாமித்வமும், ஒன்பதாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில் அர்ச்சை. முதல் தூதில் பற்றாசு அவனுடைய அபராத ஸஹத்வம். கிளியிடம் நாயகி, அவனுடைய தகவுக்கு நான் என்ன பிழைத்தேன் என்று கேட்டுவரச் சொல்வது அதனாலேயே.

இப்போது பூவைக்கு வருவோம். பறவையின் குணத்தைக் கொண்டு ஆசார்யனை அறிவதன்றி, பறவைக்கு நேர்வதெல்லாம் ஆசார்யனுக்கு நேர்வதாகப் பொருத்துவது மரபன்று. பூவையை நோக்கி நாயகி சொல்வதை அவளுடைய நிலையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தான் இனித் தரிக்கமாட்டாள் என்று அறிந்தவள், தன் கையால் உண்டு பழகிய சிறுபிராணி பட்டினி கிடக்குமே என்று எண்ணுகிறாள். வெறுப்பின் சொல்லுக்குள் இரக்கம் இருக்கிறது. இராமாவதாரத்தால் வானர ஜாதி ஏற்றம் பெற்றதுபோல் ஆழ்வார்கள் அவதரித்ததனால் பறவை ஜாதி ஏற்றம் பெற்றது என்று ஈட்டில் ஒரு கருத்து வரும். அங்கே பறவை பறவையாகவே நின்று பெருமை பெறுகிறது. இக்காலத்து உபந்யாஸங்கள் பலவற்றில் நாரை என்ற சொல் வந்தவுடனே ஆசார்யன் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கேட்போருக்கு நாரையும் கிடைப்பதில்லை, நாயகியின் கண்ணீரும் கிடைப்பதில்லை.

ஆண்டாளிடத்தில் இப்பிரச்சினையே இல்லை. ஏனைய ஆழ்வார்கள் பெண் நிலையை அடைய வேண்டியிருந்தது. அவளுக்கு அது இயல்பு. மேட்டுநிலத்தில் நீரேற்றுவதற்கும் பள்ளமடைக்குமுள்ள வேறுபாடாக இதனை முன்னோர் சொல்வர். ஆயினும் திருப்பாவைக்கு ஆறாயிரப்படி அருளிய நாயனாரும், உறங்கும் பெண்களை எழுப்பும் பாசுரங்களில் ஆய்ப்பாடியின் விடியற்காலத்தை விடாமல் வைத்துக்கொண்டே பொருள் சொல்கிறார்.

ஸ்வாமி தேசிகனிடத்தில் தூது திசை மாறுகிறது. திராவிடோபநிஷத் தாத்பர்ய ரத்னாவளியில் பக்தி சிருங்காரமாகப் பரிணமித்ததென்ற அதே ஸமாதானத்தை அவரும் கைக்கொள்கிறார். ஆனால் ஹம்ஸ ஸந்தேசத்தில் தூது விடுபவன் பெருமாள். பெறுபவள் இலங்கையிலிருக்கும் பிராட்டி. திருவேங்கடமும் காஞ்சியும் கடந்து தெற்கே பறக்கிறது அன்னம். ஸங்கல்ப ஸூர்யோதயத்தில் உடல் இலங்கையாகவும், பத்து இந்திரியங்களோடு கூடிய மனம் பத்துத்தலை அரக்கனாகவும், சிறையிருக்கும் ஆத்மா ஸீதையாகவும், ஆசார்யன் அனுமனாகவும் சொல்லப்படுவதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆழ்வாரின் நாரை சேதனனுக்காக ஈச்வரனிடம் செல்கிறது. தேசிகனின் அன்னம் ஈச்வரனுக்காகச் சேதனனிடம் வருகிறது. புருஷகாரமும் உபதேசமும் ஆகிய ஆசார்ய க்ருத்யம் இரண்டும் இவ்விரு பறவைகளுக்கிடையே அடங்கின.