பச்சையும் பொன்னும்: ஒரு கால்பந்துக் கழகம் யாருடையது?

'விளையாட்டில் என்னய்யா அரசியல்?' என்று கேட்கிற நண்பர்கள் நம் மத்தியிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காகவே மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் கீழிருந்து பார்க்கலாம். மேலிருந்து எழுதப்பட்ட வரலாறு நமக்குத் தெரிந்ததுதான்: கோப்பைகள், மாபெரும் பயிற்சியாளர்கள், 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் விமானம் நொறுங்கி எட்டு ஆட்டக்காரர்கள் உட்பட 23 பேர் மாண்ட துயரம். எல்லாம் உண்மையே. ஆனால் இந்தக் கதையாடலில் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. கழகம் யாருடையது?

1878இல் இதன் பெயர் நியூட்டன் ஹீத். லங்காஷயர் - யார்க்ஷயர் ரயில்வேயின் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கியது. பச்சையும் பொன்னிறமும் கலந்த சட்டை. நல்ல ஆட்டக்காரன் வேண்டுமென்றால் ரயில்வேயில் வேலை வாங்கிக் கொடுத்து அழைத்து வருவார்கள். பட்டறையும் மைதானமும் ஒரே வாழ்க்கையின் இரண்டு பக்கங்கள். 1892இல் லீக் போட்டிக்குள் நுழைந்தபோது ரயில்வே உறவு அறுந்தது. பத்தே வருஷத்தில் கடன் கழுத்தை நெரித்தது. 1902இல் ஜான் ஹென்றி டேவிஸ் என்கிற பீர் ஆலை முதலாளி பணம் போட்டார். பெயர் மாறியது, சட்டை சிவப்பானது. அணித்தலைவர் ஸ்டாஃபோர்டின் நாய் காணாமற்போய் டேவிஸின் கையில் கிடைத்ததால்தான் இந்த உறவே ஏற்பட்டது என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான். ஆனால் பட்டறையில் பிறந்த ஓர் அமைப்பு முதலாளியின் கைக்குப் போனதை ஒரு நாயின் தற்செயலாகச் சொல்லிவிடுகிற சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும்.

அந்நாளில் ஆட்டக்காரருக்கு வாரக்கூலியின் உச்சவரம்பு 4 பவுண்டு, 1901இல் விதிக்கப்பட்டது. கழகம் விடுவித்தாலொழிய வேறு கழகத்துக்குப் போகவும் முடியாது. 1907இல் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கம் உருவானது. முன்னின்றவர்களில் பில்லி மெரடித், சார்லி ராபர்ட்ஸ் இருவரும் யுனைடெட் ஆட்டக்காரர்கள். மெரடித் வேல்ஸில் பன்னிரண்டு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்.

சங்கம் பிற தொழிற்சங்கங்களின் பொதுக் கூட்டமைப்போடு உறவு வைத்ததும் கால்பந்தை ஆண்ட அசோசியேஷனுக்குப் பொறுக்கவில்லை. 1909 கோடையில் உத்தரவு வந்தது: சங்கத்தைவிட்டு விலக வேண்டும், இல்லையேல் ஆட்டம் கிடையாது. மற்ற கழகங்களில் பெரும்பாலோர் பணிந்தார்கள். அந்த வருஷம்தான் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. கழகம் கதவைச் சாத்தியது. ஃபாலோஃபீல்டில் தாங்களாகவே பயிற்சி எடுத்தார்கள். 'விலக்கப்பட்டோர் கால்பந்துக் கழகம் 1909' என்று ஒரு பலகை எழுதிவைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்தார்கள். அதிகாரம் சூட்டிய இழிவைத் தன் பெயராகவே எடுத்துக்கொள்கிற இந்தச் செயலின் அரசியலை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆட்டப் பருவம் தொடங்கும் தறுவாயில் சமரசம் ஏற்பட்டது. சங்கம் அங்கீகாரம் பெற்றது. விலை? பிற தொழிலாளரின் கூட்டமைப்போடு இருந்த உறவு கைவிடப்பட்டது. என் வாசிப்பில் இக்கழக வரலாற்றின் மையம் இதுதான். எந்தக் கோப்பையும் அல்ல. ஆட்டக்காரன் சங்கம் வைக்கத் தகுந்த தொழிலாளி என்று ஏற்கப்பட்ட அதே கணத்தில் மற்றத் தொழிலாளரிடமிருந்து பிரிக்கப்பட்டான். 1961இல், வேலைநிறுத்த எச்சரிக்கைக்குப் பிறகே, கூலி உச்சவரம்பு ஒழிந்தது. அப்போது அது 20 பவுண்டு. பிறகு ஆட்டக்காரன் நட்சத்திரமானான். நுழைவுச்சீட்டு கிழிப்பவரும் சமையல்கட்டில் நிற்பவரும் அப்படியே நின்றார்கள்.

1991இல் கழகம் லண்டன் பங்குச்சந்தைக்குப் போனது. 1992இல் வேடிக்கை ஒன்று நடந்தது: நியூட்டன் ஹீத்தின் பச்சையும் பொன்னும் கழகத்தின் மூன்றாவது சட்டையாகக் கடைக்கு வந்தது. பட்டறை போனாலும் பட்டறையின் நிறத்தை விற்கலாம், அவ்வளவுதான். 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 790 மில்லியன் பவுண்டு மதிப்பில் கழகத்தை வாங்கியது. பெரும்பகுதி கடன், அந்தக் கடன் கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அதாவது வாங்கப்பட்ட பொருளே தன்னை வாங்கியதற்கான வட்டியைக் கட்ட வேண்டும்! கோபம்கொண்ட ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியோடு எஃப்.சி. யுனைடெட் தொடங்கினார்கள். அங்கேயும் கடன், சச்சரவு எல்லாம் உண்டு. ஆனாலும் 2015இல் அவர்கள் தங்கள் மைதானத்தைத் திறந்தது மாஸ்டனில், பழைய நியூட்டன் ஹீத்துக்குப் பக்கத்தில். 2010இல் ஓல்ட் டிராஃபோர்டின் இருக்கைகளிலேயே ஆயிரக்கணக்கானோர் பச்சை - பொன் கழுத்துத்துணி அணிந்து கிளேசர்களை எதிர்த்தார்கள். சந்தைக்குப் போன நிறம் எதிர்ப்பின் நிறமாகத் திரும்பி வந்தது.

2024இல் ஜிம் ராட்கிளிஃப் பங்கு வாங்கி நிர்வாகத்தில் கைவைத்தபின் சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள். 2025இல் மேலும் 200 பேர்வரை போகலாம் என்று அறிவிப்பு. ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாடும் நின்றதாகச் செய்தி. மைதானத்தில் ஆடுகிறவனுக்கும் இந்தச் சாப்பாட்டை இழந்தவருக்கும் இடையில் இன்று எந்தச் சங்கமும் இல்லை. 1909இல் அறுத்தது அந்தக் கயிற்றைத்தான்.

அந்தப் போட்டோவில் இன்னும் பலர் உட்கார இடமிருக்கிறது. யார் உட்காரப்போகிறார்கள் என்பதே கேள்வி.