தக்காவியிலிருந்து ஸ்கேன் அட்டை வரை

எங்க பக்கத்துப் பெரியவங்க அரசாங்கக் கடன் எதுவானாலும் 'தக்காவி'ன்னுதான் சொல்லுவாங்க. பஞ்சத்தோட ஒட்டி வந்த சொல் அது.

1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே காலி பண்ணியது. அதுக்கப்புறம் வெள்ளைக்கார அரசு 1883-லும் 1884-லும் இரண்டு கடன் சட்டங்கள் போட்டது. கிணறு வெட்ட ஒன்று, விதையும் மாடும் வாங்க இன்னொன்று. நிலம் உள்ளவருக்கு அது உதவியது. சந்தையில் கூடை வச்சு விக்கிறவங்க ஈடா எதைக் காட்டுவாங்க? வட்டிக்காரர் வாசல்தான் கதி.

பிறகு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பாவின் கிராம வங்கிகளைப் பார்த்துவிட்டு வந்து, 1895-இல் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் தொடங்கினாங்க. சொத்தை மட்டும் பார்க்காமல், அக்கம்பக்கத்தார் ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பேற்கிறதை நம்பிக் கடன் கொடுக்கிற ஏற்பாடு அது.

2016 நவம்பர் 8-இல் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனப்போ சில்லறை வியாபாரம் படுத்துடுச்சு. யுபிஐ அந்த ஏப்ரல்லயே வந்திருந்தது. டிசம்பர் 30-இல் பீம் செயலியும் வந்தது. கடைகளில் கட்டம் போட்ட அட்டை தொங்க ஆரம்பிச்சது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஜூனில் ஸ்வநிதித் திட்டம்: தெருவோர வியாபாரிக்கு ஈடில்லாமல் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், போனில் பணம் வாங்கினால் மாசம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகை. முதல் கடனை அடைச்சா அடுத்த கடன் பெருசு. நிலப் பத்திரம் இருந்த இடத்தில் இப்போ வரவு-செலவுத் தடயம்.

நல்ல மாற்றம்தான். ஆனா அன்றைய விதிப்படி நகர எல்லைக்குள் விக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்தக் கடன். கிராமச் சந்தையில் விக்கிறவங்க, தக்காவி காலம் மாதிரியே, மறுபடியும் வெளியே.

இன்னொரு சங்கதியும் இருக்கு. கீரை விக்கிற அம்மா முன்னாடி இருக்கிற அட்டை பல இடங்களில் மகன் பேரில் இருக்கும். உழைப்பு அவங்களது, தடயம் அவனது. நாளைக்கு இன்னொரு நெருக்கடி வந்து பேங்க் கணக்கைக் கேட்டா, அவங்க முப்பது வருஷம் வியாபாரம் பண்ணியதுக்கு ஒரு வரிகூட சாட்சி இருக்காது.

அடுத்த தடவை கீரைக்கட்டுக்கு ஸ்கேன் பண்றப்போ, திரையில் யார் பேர் வருதுன்னு பாருங்க. அவங்க பேர் இல்லேன்னா, அவங்க பேரிலேயே ஒரு கணக்குக்கு அட்டை வாங்கச் சொல்லுங்க.