இரவல் தாய்

வாத்துக்கு அடைகாக்கத் தெரியாது என்பாள் அத்தை. தெரியாமல் இல்லை, முட்டைக்காகவே மனிதன் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் பெரும்பாலும் மறந்துவிட்டது. அந்தப் பாரத்தைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கோழியின் தலையில் கட்டினோம். கோழிமுட்டை பொரிய 21 நாள், வாத்துமுட்டைக்கு 28. மிச்சம் ஏழு நாளும் எங்கள் கோழி அலுக்காமல் உட்கார்ந்தது.

பண்டை எகிப்திலேயே கோழி இல்லாமல் சூடு காட்டிப் பொரித்தார்கள். அந்நாட்டுப் பொரிப்பு அடுப்புகளைப் பற்றி ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1749-ல் எழுதினார். இன்றைய இயந்திரம் அவற்றின் பேரப்பிள்ளை.

சூடு, அடுப்பும் தரும். ஆனால் குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கியதும் கரையோடு கதறி ஓடியது எங்கள் கோழி. நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அவள் பெறாமல் வளர்த்த பிள்ளை நான்.