நிக்கோல் குக் - கேட்டு வாங்கிய பந்தயம்

சைக்கிள் ரேஸ்னு சொன்னா நம்மாளுங்க முக்கால்வாசி பேருக்கு ஞாபகம் வர்றது ஆர்ம்ஸ்ட்ராங் பேரு ஒண்ணுதான். அதே காலத்துல, ஊக்க மருந்து பக்கமே போகாம, அந்த மனுஷனுக்கு எட்டாத ஒரு இடத்தைத் தொட்ட பொண்ணு ஒருத்தங்க இருக்காங்க. பேரு நிக்கோல் குக்.

1983-ல் பிரிட்டன்ல, வேல்ஸ் பக்கம் பிறந்தவங்க. பள்ளிக்கூட வயசுலயே சைக்கிள் பைத்தியம். ஆனா அப்போ அங்க பொண்ணுங்களுக்குன்னு தேசிய அளவுல டிராக் போட்டியே கிடையாது. பசங்களுக்கு மட்டும் உண்டு! அப்பாவும் பொண்ணுமா சேர்ந்து சைக்கிள் சங்கத்துகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் போட்டிய வரவழைச்சாங்க. ஜெயிக்கறதுக்கு முன்னாடி, ஜெயிக்க ஒரு ரேஸ் வேணுமே.

1999-ல், 16 வயசுல, பெரியவங்களோட மோதி பிரிட்டன் சாம்பியன். 2001-ல் ஒரே வருஷத்துல ஜூனியர் உலகப் பட்டம் மூணு. 2002-ல் தொழில்முறை வீராங்கனை ஆனாங்க. 2004-ல், 21 வயசுல, பெண்களுக்கான இத்தாலி சுற்றுப் போட்டி. 2006, 2007 ரெண்டு வருஷமும் பெண்களுக்கான பிரான்ஸ் சுற்றுப் போட்டி.

அப்புறம் 2008 ஆகஸ்ட் 10, பெய்ஜிங் ஒலிம்பிக். கொட்டற மழை. தூரம் 126 கி.மீ. எங்க ஊரு கணக்குல சொல்லணும்னா, ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சுமார் 11 கி.மீ. அஞ்சு தடவை போயிட்டு வந்தாலும் 110 தான் ஆச்சு. எங்க ரோடு சமதளம் வேற. அங்க சீனப் பெருஞ்சுவர் பக்கம் மலை ஏத்தம். கடைசி வளைவுல சறுக்கிடக் கூடாதுன்னு நிதானிச்சதுல மத்தவங்களுக்குப் பின்னாடி போயிட்டாங்க. அங்கிருந்து மிதிச்சு முன்னாடி வந்து தங்கம். அடுத்த மாசமே இத்தாலியில உலகப் பட்டம். ஒரே வருஷத்துல ஒலிம்பிக் ரோடு ரேஸும் உலகப் பட்டமும் ஜெயிச்ச முதல் ஆள் இவங்கதான், ஆண் பெண் யாரை எடுத்துக்கிட்டாலும்.

இவ்வளவும் பண்ணினவங்க கோடீஸ்வரி ஆயிருக்கணும்ல? அதான் இல்ல. பெண்கள் அணிகள்ல சம்பளம் வர்றதே நிச்சயமில்லாத காலம் அது. பெண்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் வைக்கற நிலைமை இன்னும் வரலைன்னு உலக சைக்கிள் சங்கத் தலைவரே 2011-ல் சொன்னாரு. ஆண்களுக்கு மட்டும் அது ஏற்கனவே இருந்துச்சு. பெரிய பெண்கள் அணிகளுக்கு அது வந்தது 2020-ல்தான்.

2013 ஜனவரியில, 29 வயசுல ஓய்வு. அப்போ வெளியிட்ட அறிக்கையில ஒரு விஷயம் சொன்னாங்க: மருந்து போட்டு மாட்டின ஒரு வீரர் தன் திருட்டுத்தனத்தைப் புத்தகமா எழுதி சம்பாதிக்கப் போறது, நான் இத்தனை வருஷம் நேர்மையா உழைச்சு சம்பாதிச்சத விட அதிகமா இருக்கும்னு. அதே வாரம்தான் ஆர்ம்ஸ்ட்ராங் டிவியில உட்கார்ந்து மருந்து போட்டத ஒத்துக்கிட்டாரு. உலகமே அவரத்தான் பார்த்துச்சு!

இப்போ நம்ம பக்கம் வருவோம். அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல, புத்தகப் பையோட, எதிர்காத்துல மிதிச்சுப் போற பொண்ணுங்கள இந்த ரோட்டுல தினமும் பார்க்கலாம். அண்ணா பிறந்தநாளுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் நடத்தற சைக்கிள் போட்டி பொண்ணுங்களுக்கும் உண்டு. ஆனா 17 வயசுப் பிரிவுல பசங்களுக்கு 20 கி.மீ, பொண்ணுங்களுக்கு 15 கி.மீ. ராஜபாளையத்துல கிளம்பினா ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டுத் திரும்பக் கூட அந்தப் 15 பத்தாது. பள்ளிக்கூடத்துக்கே அவ்வளவு தூரம் மிதிக்கற பொண்ணுங்க எத்தனையோ பேர் இருக்காங்க.

குக் தேசிய சாம்பியன் ஆனது 16 வயசுல. அதோட நின்னிருந்தா இந்தக் கதையே இல்ல. அந்தப் போட்டியில முதல்ல வர்ற நம்ம ஊர்ப் பொண்ணு 18 வயசுல என்ன பண்ணுவா? சைக்கிள யாருக்காவது குடுத்துட்டு காலேஜ் பஸ் ஏறிடுவா. மிதிக்கறதுக்குக் கால்ல பலம் இருக்கு. அடுத்த ரேஸ யாராச்சும் கேட்டு வாங்கணும்.