எல்லையில் இரண்டு மரைகள்

புத்தி பிசகியவனை "மரை கழண்டவன்" என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். அந்த மரையைக் கையால் வெட்டும் வேலையைப் பற்றியும், அதில் நம் கோட்டக்குப்பத்துக்கு இருந்த தனிச் சங்கடத்தைப் பற்றியும் இன்று எழுதலாம் என்று நினைத்தேன்.

1954 நவம்பர் 1 வரை முத்தியால்பேட்டைப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, நம் பக்கம் தென்னார்க்காடு ஜில்லா. அங்கே சட்டம் வேறு, பள்ளிப் பாடம் வேறு என்பது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். போல்ட்டும் வேறு என்பது பட்டறைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் இதற்கு ஒரு ஒழுங்கு சொன்னார்: இந்தப் பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை, பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. ஆங்கிலேயர் ஆண்ட இடமெல்லாம் அது பரவியது. பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரைக் கண்டுபிடித்தவர்கள், அங்குலத்துக்கு இறங்கி வருவார்களா? 1898ல் சூரிச் நகரில் கூடிய மாநாட்டில் மில்லிமீட்டர் மரை முடிவாயிற்று. அதன் கோணம் 60 டிகிரி.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் ஆபத்து. 8 மில்லிமீட்டர் போல்ட்டையும் 5/16 அங்குல போல்ட்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் முன்னதில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், பின்னதில் 1.41. நட்டு இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அவசரக்காரன் ஸ்பேனரைப் போட்டு அமுக்குவான், இரண்டு மரையும் பாழாகும்.

அதனால் இந்தப் பக்கத்துப் பழைய ஃபிட்டர்கள் பெட்டியில் இரண்டு செட் டேப், இரண்டு செட் டை வைத்திருப்பார்கள். துளைக்குள் மரை வெட்டுவது டேப், கம்பியின் மேல் வெட்டுவது டை. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எங்கள் தெரு மேஸ்திரி பழைய பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் படிக்கச் சொல்வார். டேப்புக்கு 'தரோ', டைக்கு 'ஃபிலியேர்', டேப்பைப் பிடித்துத் திருகும் கைப்பிடிக்கு 'துர்ன்-அ-கோஷ்'. கடைசிச் சொல்லுக்கு நேர் அர்த்தம் 'இடப்பக்கம் திருப்பு'. வெட்டுவது வலப்பக்கம், பேர் மட்டும் ஏன் இடப்பக்கம் என்று கேட்டேன். "தம்பி, அரைச் சுற்று முன்னால, கால் சுற்று பின்னால. பின்னால திருப்பினாத்தான் பிசிறு உடைஞ்சு விழும். திருப்பாதவன் டேப்பை ஒடிப்பான்" என்றார்.

துளை போடும் கணக்கையும் அவரே சொன்னார். மில்லிமீட்டர் மரைக்குப் பருமனிலிருந்து இடைவெளியைக் கழித்தால் போதும்: 10க்கு 1.5 போனால் 8.5. அங்குலத்துக்கு அட்டவணை பார்க்க வேண்டும். இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், பித்தளைக்கு ஒன்றும் வேண்டாம்.

அந்தப் பட்டறைக்கு அதிகம் வந்தது சைக்கிள். பிரான்சிலிருந்து வந்த பெஜோ சைக்கிளின் பெடல் மரை 14 மில்லிமீட்டர். அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டி.ஐ. கம்பெனியின் ஹெர்குலிஸ் பெடல் 9/16 அங்குலம், ஒரு மயிரளவு பெரியது. பிரெஞ்சுப் பெடல் தேய்ந்தால் இங்கே கிடைக்காது. மேஸ்திரி கிராங்கில் அங்குல டேப்பை ஓட்டித் துளையைப் பெரிதாக்கி, நம் ஊர்ப் பெடலை மாட்டிவிடுவார். இடது பெடலுக்கு இடது மரை, அதற்குத் தனி டேப். ஒருமுறை வெட்டிவிட்டால் அந்த கிராங்க் பிறகு பிரெஞ்சுப் பெடலை ஏற்காது. 1962ல் எந்தக் குடியுரிமை என்று முடிவு செய்ய மனிதர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். பெடலுக்கு அதுவும் இல்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் இரண்டு நாடும் சண்டை போடவில்லை. அது தண்ணீர்க் குழாய். பிரெஞ்சுக்காரர்களும் குழாய்க்கு விட்வொர்த்தின் மரையையே எடுத்துக்கொண்டார்கள். பெயர்தான் வேறு. நாம் அரை அங்குலம் என்பதை அவர்கள் 15/21 என்பார்கள், உள்ளளவு 15, வெளியளவு 21 மில்லிமீட்டர். நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தின் ஸ்டாக் புத்தகத்தில் இரண்டும் தனித்தனிச் சாமானாகவே பல வருஷம் எழுதப்பட்டு வந்தன. ஒரு பிளம்பர் ஒன்றில் மற்றொன்றைத் திருகிக் காட்டிய பிறகே ஒரே வரியாயின.

1956ல் மீட்டர் அளவைச் சட்டம் வந்தது. போல்ட்டுகள் மெல்ல மில்லிமீட்டருக்கு மாறின. குழாய் இன்றும் அரை அங்குலம்தான்.

இப்போது போல்ட் தேய்ந்தால் புதிது வாங்குகிறோம், பிளாஸ்டிக் குழாய் மரையோடு வார்த்தே வருகிறது. ஆனால் மரக்காணம் உப்பளத்துப் பம்பில் உப்புக்காற்று போல்ட்டைத் தின்றுவிட்டால், துருப்பிடித்த துளைக்குள் டேப்பை ஓட்ட ஒரு கை இன்னமும் வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டேப் செட் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதன் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்குலமா மில்லிமீட்டரா என்பதை வைத்து, அவர் எந்தப் பக்கத்துக்கு வேலை செய்தார் என்று சொல்லிவிடலாம். இரண்டும் இருந்தால், அவர் நம் ஊர்க்காரர்.