சிலுவையும் கப்பலும் சுவரும்



உடையவர் இராமானுசர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூரில் வாழ்கின்றவன் நான். இன்று எங்கள் ஊரைச் சூழ, ஒரகடம் வரையில், தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. வேலை நாடி வந்த திருநெல்வேலிச் சீமை இளைஞர் ஒருவர், சென்ற மார்கழியில் என்னிடம், "ஐயா, எங்கள் கோயில்களைச் சிலுவை வடிவிற் கட்டுவது ஏன்?" என்று வினவினார். நெடுங்காலம் வரலாறு கற்பித்தவனாதலால், கேள்வியைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

ஆதிக் கிறிஸ்தவர்கள் வீடுகளிற் கூடியே வழிபட்டனர். நான்காம் நூற்றாண்டிற் கான்ஸ்டன்டைன் பேரரசனின் ஆதரவு கிட்டியபின், உரோமரின் நீதி விசாரணைக்கும் வாணிகத்துக்கும் பயன்பட்ட நீண்ட மண்டபங்களின் அமைப்பையே கோயிலுக்குக் கைக்கொண்டனர். பின்னர் அம்மண்டபத்துக்கு இருபுறமும் கைகள் முளைத்தன, சிலுவை உருவாயிற்று. தலைப்பகுதியிற் பலிபீடம், உடற்பகுதியில் மக்கள். நம் ஆகமங்களும் கருவறையைத் தலையாகவும் கோபுரத்தைப் பாதமாகவும் கூறுவது இங்கே நினையத்தக்கது. மக்கள் அமரும் நடுக்கூடத்துக்கு இலத்தீன் மொழியிற் கப்பல் என்று பொருள்படும் பெயர் உண்டு. ஊழிவெள்ளத்தில் நோவாவின் பேழை உயிர்களைக் காத்தது போலத் திருச்சபை மக்களைக் காக்கும் என்பது கருத்து. பலிபீடம் கிழக்கு நோக்குவது, ஞாயிறு எழும் திசையில் உயிர்த்தெழுதலைக் காண்பதாம்.

ஆயினும் எல்லா வடிவங்களும் இவ்வாறு பொருள் பொதிந்தவை அல்ல. சென்னைக் கோட்டையில் 1680இல் திறக்கப்பெற்ற தூய மரியாள் கோயிலுக்குக் கனத்த வளைவுக் கூரை அமைத்தது குண்டுகளைத் தாங்குதற்பொருட்டே. அங்கே வடிவத்தை வகுத்தது பக்தியன்று, பீரங்கி!

எங்கள் ஊரிலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே எழும்பூர் சென்றால், 1821இல் திறக்கப்பெற்ற தூய அந்திரேயா கோயிலைக் காணலாம். டி ஹாவிலண்ட் என்னும் படைப் பொறியாளர் கட்டியது. மண் உறுதியற்றதாகையால், நம் நாட்டு வழக்கப்படி கிணறுகள் இறக்கி அவற்றின்மேல் அடித்தளம் இட்டனர். உள்ளே சிலுவை இல்லை, வட்டம். பதினாறு தூண்கள் தாங்கும் கும்மட்டத்தின் உட்புறம் நீலவானமாய், பொன் விண்மீன்களோடு விளங்குகிறது. தொடக்கமும் முடிவும் அற்ற வட்டம் இறைவனின் நித்தியத்தைக் குறிக்கும் என்பர். பிரசங்கத்தைக் கேட்பதையே முதன்மையாகக் கொண்ட ஸ்காட்லாந்துச் சபையார்க்கு, எல்லாரும் போதகரைச் சூழ்ந்தமர அவ்வடிவம் வசதியாகவும் இருந்திருக்கும்.

இவற்றைக் காட்டிலும் என் உள்ளத்தை வருத்திய வடிவம் ஒன்றுண்டு. அது நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் எழுந்தது. 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவர் 2022இற் புனிதராக அறிவிக்கப்பெற்றார். அவ்வூரில் வேளாளரும் நாடாரும் ஒரே கூடத்தில் அமர இசையவில்லை. பூசல் முற்றவே, 1872இல் நிறைவெய்திய புதிய கோயிலை இயேசு சபையார் கால்சட்டை போல இரு கூடங்களாகக் கட்டினர். இரண்டும் ஒரு பலிபீடத்தில் வந்து கூடும். குருவானவரை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண இயலாது. எத்துணைத் திறமையான கட்டடக்கலை! சிலுவைக்கு விரிந்த கைகள் உண்டு. இக்கோயிலுக்கோ பிரிந்த கால்கள். மறைபொருளைத் தம் மதில் வெளியே நிற்போரும் அறியட்டும் எனத் திருக்கோட்டியூர்க் கோபுரமேறி உடையவர் முழங்கினார் என்னும் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலின் இச்செய்தியை முதன்முதற் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டேன். நம் சமயங்கள் எதுவும் இந்நோய்க்குத் தப்பவில்லை என்பதையும் மறைக்க இயலாது.

1910இற் குருமாரே முன்னின்று இடைச்சுவரை இடிப்பித்தனர். வேளாளர் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை ஏறிற்று. சாதியின் பெயராற் கோயிலில் தனியிடம் கோரும் உரிமை இல்லை என்றே முடிவாயிற்று.

இதனை அவ்விளைஞரிடம் கூறியபோது, தம் பாட்டியார் பிறந்த ஊர் வடக்கன்குளமே என்றார். முன்னோர் எந்தக் கூடத்தில் அமர்ந்தனர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.