கோடியக்கரை மட்டக்குதிரைகள்

பேராவூரணிக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்தில் திரியும் குதிரைகள். மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்த இவை மந்தைகளாக மேய்ந்து, காட்டிலேயே ஈன்று பெருகுகின்றன. இலங்கையின் நெடுந்தீவிலும் இத்தகைய குதிரைகள் உண்டு.

1967-இல் அமைந்த இச்சரணாலயத்தின் தலையாய விலங்கு வெளிமான். அது திறந்த புல்வெளியை நம்பி வாழ்வது; குதிரைகளும் அதே புல்லையே மேய்கின்றன. கோடையில் புல் கருகும்போது போட்டி கடுமையாகும். இன்னொரு கேடு சீமைக்கருவேலம். அதன் இனிப்பான நெற்றுகளைக் குதிரைகள் விரும்பித் தின்னும். விதைகள் செரிக்காமல் இலத்தியோடு விழுந்து, மழை பெய்ததும் இலத்திக் குவியலிலேயே முளைவிடுகின்றன. புல்வெளி முட்புதராகிறது. ஆகவே சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றாமல் குதிரைகளை மட்டும் குறைப்பது பாதி வேலையே.

பிடித்து வெளியேற்றல், ஆண்குதிரைகளை மலடாக்கல், பெண்குதிரைகளுக்குக் கருத்தடை ஊசி ஆகியவை குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க உலகில் கையாளப்படும் வழிகள். ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ தேசியப் பூங்காவில் 2023 முதல் ஹெலிகாப்டரிலிருந்து சுடவும் அனுமதி உண்டு. கோடியக்கரைக்கு அது வேண்டாம். பொறுமையான கருத்தடையே இங்கே தகும். புயலும் இவற்றைக் குறைத்ததுண்டு: 2018 நவம்பர் 16-இல் பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயலில் கோடியக்கரையில் மான்களோடு குதிரைகளும் மடிந்தன.